உடைத்தவரும் வேண்டிக்கொண்டவரும் ஒருவரே

நான் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. குடும்பத்தில் பிறந்தவள். வாழ்க்கைப்பட்டது தூத்துக்குடியில் ஓர் ஆர்.சி. குடும்பத்தில். அதனால் "இது விக்கிரக ஆராதனையா?" என்ற கேள்வி கல்யாணப் பேச்சு தொடங்கிய காலத்திலிருந்தே எங்கள் வீட்டுக்குள் புழங்குகிறது. என் சித்தி மகன் ஒரு சுயாதீன சபைக்குப் போகிறவன். மனதில் பட்டதை மறைக்கத் தெரியாதவன். அவன் கேட்பான்: "அக்கா, உங்க அத்தை ரொம்ப நல்லவங்கதான். நான் இல்லைங்கல. ஆனா நற்கருணைப் பேழை முன்னாடி முழங்கால் போடுறாங்க, மாதா சுரூபத்துக்கு மாலை போடுறாங்க. அதுக்கு என்ன பேரு? மனசு சுத்தமா இருந்தா விக்கிரகம் விக்கிரகம் இல்லாம போயிருமா?"

இதற்கு எங்கள் உறவுக்குள் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். "மனசுதான் முக்கியம், மத்ததைக் கடவுள் பார்த்துக்குவார்" என்று பெரியவர்கள் பேச்சை முடித்துவிடுவார்கள். "எண்ணம் என்னவாயிருந்தாலும் தப்பான ஆராதனை எல்லாமே விக்கிரக ஆராதனைதான்" என்பான் தம்பி. எனக்கு இரண்டுமே போதவில்லை. முதல் பதில் உண்மையைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. இரண்டாவது பதில் மனிதரைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. வேதாகமம் இந்த இரண்டைக் காட்டிலும் நுணுக்கமாகப் பேசுகிறது என்பதைத்தான் இந்தப் பதிவில் சொல்லப் பார்க்கிறேன்.

தம்பியின் முதல் ஆதாரம் பொன் கன்றுக்குட்டி. அது வலுவான ஆதாரம். யாத்திராகமம் 32ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். கன்றுக்குட்டியைச் செய்து முடித்த ஆரோன், அதற்கு முன்பாக ஒரு பலிபீடம் கட்டி, மறுநாள் கர்த்தருக்குப் பண்டிகை என்று அறிவிக்கிறார். பாகாலுக்கென்றோ எகிப்தின் வேறொரு தெய்வத்துக்கென்றோ அவர் சொல்லவில்லை. கர்த்தரின் பெயரைத்தான் சொன்னார். ஆகவே "நான் உண்மையான கடவுளை நினைத்துத்தான் கும்பிட்டேன்" என்ற ஒரு வார்த்தை மட்டும் ஒருவரைக் காப்பாற்றிவிடாது. இதை "மனசுதான் முக்கியம்" கட்சிக்காரர்கள் ஏற்றுக்கொண்டே ஆகவேண்டும்.

ஆனால் அந்த மக்கள் அறியாமல் வழிதவறியவர்களா? சிலை செய்யக் கூடாது என்ற கட்டளையை அதே மலையடிவாரத்தில், அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் கேட்டிருந்தார்கள். கர்த்தர் சொன்னதையெல்லாம் செய்வோம் என்று வாக்கும் கொடுத்திருந்தார்கள். மோசே இறங்கிவரத் தாமதமானதும் பொறுமை போயிற்று. செய்த சிலையைக் காட்டி, எகிப்திலிருந்து நம்மை மீட்டுவந்த தெய்வம் இதுதான் என்றார்கள். மீட்டவருடைய செயலையே தூக்கி ஒரு பொருளுக்குக் கொடுத்துவிட்டார்கள். பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு ஸ்தேவான் இந்தச் சம்பவத்தைப் பேசும்போது, அவர்கள் தங்கள் இருதயத்தில் எகிப்துக்குத் திரும்பிவிட்டார்கள் என்கிறார். கை சிலையைச் செய்யும் முன்பே இருதயம் கிளம்பிப் போயிருந்தது. அதை உண்மை மனதோடு செய்த தவறு என்று என்னால் வகைப்படுத்த முடியவில்லை.

இஸ்ரவேலின் ராஜா யெரொபெயாமின் கதையும் அப்படித்தான். பெத்தேலிலும் தாணிலும் அவன் இரண்டு பொன் கன்றுக்குட்டிகளை வைத்ததற்குக் காரணத்தை 1 இராஜாக்கள் 12 வெளிப்படையாகச் சொல்கிறது. ஜனங்கள் பலியிட எருசலேமுக்குப் போனால் அவர்கள் மனம் யூதாவின் ராஜா பக்கம் சாய்ந்துவிடும், நாற்காலி போய்விடும் என்ற பயம். அடுத்த அதிகாரத்தில் ஒரு தீர்க்கதரிசி வந்து எச்சரிக்கிறார், பலிபீடம் வெடிக்கிறது, ராஜாவின் கை மரத்துப்போய், அவர் ஜெபித்த பிறகு சுகமாகிறது. அதற்குப் பிறகும் அவன் திரும்பவில்லை. தெரிந்தே, ஆதாயத்துக்காக, திருத்தியவர் பேச்சையும் தள்ளிவிட்டுச் செய்தான்.

என்னை உண்மையில் தடுமாற வைப்பது நியாயாதிபதிகள் 17இல் வரும் மீகாவின் கதை. மகன் திருடித் திருப்பிக் கொடுத்த 1,100 வெள்ளிக்காசைத் தாய் கர்த்தருக்கென்று நேர்ந்துகொள்கிறாள். அதில் 200 காசைத் தட்டானிடம் கொடுத்து ஒரு விக்கிரகம் செய்விக்கிறாள். மீகா அதை வீட்டில் வைத்து, லேவியன் ஒருவனை வருஷத்துக்குப் பத்து வெள்ளிக்காசும் துணியும் சாப்பாடும் தருவதாகப் பேசி ஆசாரியனாக அமர்த்திக்கொள்கிறான். இனிமேல் கர்த்தர் தனக்கு நன்மை செய்வார் என்று நிம்மதியும் அடைகிறான். இந்தத் தாயிடம் கபடம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. மனதார நேர்ந்துகொண்டவள்தான். ஆனாலும் அந்த வீட்டில் இருந்தது விக்கிரகம் என்பதை வேதம் மழுப்பாமல் எழுதுகிறது.

கதையின் முடிவு 18ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. தாண் கோத்திரத்தார் வந்து சிலையையும் லேவியனையும் கொண்டுபோய்விடுகிறார்கள். மீகா பின்னாலேயே ஓடுகிறான். நான் செய்த என் தெய்வங்களைக் கொண்டுபோய்விட்டீர்களே, இனி எனக்கு என்ன இருக்கிறது என்று கதறுகிறான். எத்தனை முறை வாசித்தாலும் நான் நிற்கும் இடம் இதுதான். கர்த்தரின் பெயரால் தொடங்கியது, பொருள் போனதும் கடவுளே போய்விட்டார் என்று அழும் இடத்தில் வந்து நிற்கிறது. ஆகவே உண்மை மனதோடு செய்யும் தவறு ஒருநாளும் விக்கிரக ஆராதனை ஆகாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆகும். கடவுளைக் கைக்குள் வைத்துக்கொள்ள ஒரு பொருள் கிடைத்துவிட்டது என்று மனம் நம்பத் தொடங்கும் இடத்தில் ஆகும்.

இந்த அளவுகோலை என் மாமியாருக்கு வைத்துப் பார்க்காமல் இருக்க முடியுமா? 2020 ஊரடங்கில் கோயில் கதவுகள் மூடிக்கிடந்தன. நற்கருணை இல்லை, ஆராதனை இல்லை, மாதா கெபிக்குப் போக வழியில்லை. அத்தைக்கு வருத்தம் நிறைய இருந்தது. ஆனால் இயேசு தன்னைவிட்டுப் போய்விட்டதாக அவர் ஒருநாளும் பேசவில்லை. அடுக்களையில் வேலை பார்த்துக்கொண்டே ஆண்டவரோடு பேசிக்கொண்டிருந்தார். மீகாவின் கதறலுக்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பார்க்காமல் இரண்டுக்கும் ஒரே பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

"அப்படின்னா ஊசா?" என்பான் தம்பி. நல்ல கேள்வி. மாடுகள் இடறியபோது உடன்படிக்கைப் பெட்டி விழுந்துவிடக் கூடாதே என்றுதான் ஊசா கைநீட்டினான். செத்துப்போனான். ஆரோனின் மகன்கள் நாதாபும் அபியூவும் கட்டளையிடப்படாத நெருப்பைக் கொண்டுவந்து மாண்டார்கள். ஆராதனையில் முறை தவறுவது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு இவை சாட்சி. ஆனால் வேதம் இந்த இரண்டையும் விக்கிரக ஆராதனை என்று சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். ஒரு தவறு விக்கிரக ஆராதனை ஆகாமலேயே மிகப் பெரிய தவறாக இருக்கலாம். "விக்கிரக ஆராதனை இல்லை" என்று நான் சொன்னால் "அப்போ பரவாயில்லை" என்று அர்த்தம் கிடையாது. தம்பியும் நானும் பல தடவை இந்த இடத்தில்தான் ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாமல் மோதிக்கொண்டோம்.

சபையின் பழைய ஆசிரியர்கள் இந்த வித்தியாசத்தைக் கண்டிருந்தார்கள். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் தன் பெரிய இறையியல் நூலில், உண்மையான கடவுளைத் தகாத முறையில் வழிபடுவதைப் பற்றி ஒரு பகுதியும், விக்கிரக ஆராதனையைப் பற்றி இன்னொரு பகுதியும் தனித்தனியே எழுதினார். இரண்டும் பாவம் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒன்றல்ல. சீர்திருத்த சபையின் 1563ஆம் ஆண்டு ஹைடல்பர்க் வினாவிடையிலும், கடவுளுக்குப் பதிலாக வேறொன்றை நம்புவது முதலாம் கட்டளைக்குக் கீழும், சொரூபங்கள் இரண்டாம் கட்டளைக்குக் கீழும் தனித்தனியே வருகின்றன. யாரை ஆராதிக்கிறோம் என்பது ஒரு கேள்வி, எப்படி ஆராதிக்கிறோம் என்பது வேறு கேள்வி.

ஆனால் அதே வினாவிடையின் 80ஆம் கேள்வி, கத்தோலிக்கப் பூசையைச் சபிக்கப்பட்ட விக்கிரக ஆராதனை என்று சொல்கிறது. காரணம் இதுதான்: எழுந்தேற்றம் செய்யப்பட்ட அப்பத்தில் கிறிஸ்து மெய்யாகவே இருக்கிறார் என்று கத்தோலிக்கர் நம்பி, அதற்கு முன் ஆராதிக்கிறார்கள். அந்த நம்பிக்கை தவறென்றால், அவர்கள் ஆராதிப்பது வெறும் அப்பத்தை அல்லவா?

இதற்கு நான் அறிந்தவற்றில் மிக நல்ல பதிலைத் தந்தவர் கத்தோலிக்கர் இல்லை, ஜெரமி டெய்லர் என்ற ஆங்கிலிக்கன் குரு. இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் ஓய்ந்தும் ஓயாத 1647இல் எழுதினார். அப்பம் கிறிஸ்துவாகிறது என்ற போதனையை அவர் ஏற்கவில்லை. ஆனாலும் அவர் கேட்டது இது: கத்தோலிக்கருடைய மனதில் இருக்கும் ஆராதனைக்குரியவர் யார்? நித்திய தேவகுமாரன்தானே? அங்கே அவர் இல்லை, அப்பம்தான் இருக்கிறது என்று தெரிந்தால் அவர்களே ஆராதிக்க மாட்டார்களே. அப்பத்தை ஆராதிப்பது விக்கிரக ஆராதனை என்று அவர்களே சொல்கிறார்களே. ஆகவே அது புத்தியில் நேர்ந்த தவறு, சித்தத்தில் நேர்ந்த துரோகம் ஆகாது என்றார். பிற்காலத்தில், 1664இல், அதே டெய்லர் ரோமைக் கடுமையாகக் கண்டித்து வேறொரு நூல் எழுதினார். அதனால் அவரை ரோமின் வக்கீல் என்று யாரும் தள்ளிவிட முடியாது.

"அப்படியானால் சூரியனையே கடவுள் என்று நம்பிக் கும்பிடுகிறவனுக்கும் இதே சலுகை தருவீர்களா?" என்று ஒருவர் மடக்கலாம். நானும் இதை வைத்து என்னையே மடக்கிப் பார்த்திருக்கிறேன். எனக்குக் கிடைத்த பதில்: சூரியனைக் கும்பிடுகிறவர் தவறுவது கடவுள் யார் என்பதில். நற்கருணை முன் முழங்காலிடுகிறவர், நம் கணக்குப்படி தவறுகிறார் என்றே வைத்துக்கொண்டாலும், தவறுவது அவர் எங்கே இருக்கிறார் என்பதில். பெத்லகேமில் பிறந்து, பொந்தியு பிலாத்துவின் கீழ் பாடுபட்டு, மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்த இயேசுவைத்தான் அவரும் கூப்பிடுகிறார். நான் அறிக்கையிடும் அதே விசுவாசப் பிரமாணத்தை அத்தையும் சொல்கிறார். ஆராதனைக்குரியவர் மாறவில்லை.

மாதாவிடமும் புனிதரிடமும் வேண்டுவது எனக்கு இதைவிடச் சிக்கலானது. நான் அப்படி வேண்டுவதில்லை, என் பிள்ளைகளுக்கும் சொல்லித்தரவில்லை. நம் மத்தியஸ்தர் ஒருவரே என்பது என் உறுதியான விசுவாசம். 787இல் நிசேயாவில் கூடிய சங்கம் சொரூபங்களுக்குச் செலுத்தும் மரியாதையையும் கடவுளுக்கு மட்டுமே உரிய ஆராதனையையும் பிரித்துச் சொன்னது. ஏட்டில் தெளிவாக இருக்கும் அந்தக் கோடு திருவிழாக் கூட்டத்தில் பலருக்கு அழிந்துபோகிறது என்று நினைக்கிறேன். இதை அத்தையிடமே சொல்லியிருக்கிறேன். அவர், "நான் மாதாகிட்ட ஒரு வார்த்தை சிபாரிசு பண்ணச் சொல்றேன், அவ்வளவுதாம்மா. குடுக்கிறது அவ மகன்தானே" என்றார். அந்தப் பதில் எனக்குத் திருப்தியாக இல்லை. ஆனால் கொடுப்பவர் யார் என்பதில் அவருக்குக் குழப்பமில்லை என்பதைக் கேட்ட பிறகு, அவரை விக்கிரக ஆராதனைக்காரி என்று சொல்வது பொய்ச்சாட்சி ஆகிவிடும். பத்துக் கட்டளைகளில் அதற்கும் ஒரு கட்டளை இருக்கிறது.

இந்த ஒரு வார்த்தையை அவசரப்பட்டு வீசினால் என்ன ஆகும் என்பதற்கு வரலாறு சாட்சி. இங்கிலாந்தில் 1678இல் வந்த சோதனைச் சட்டம், நாடாளுமன்றத்தில் உட்காருகிறவர்கள் மரியாளையும் புனிதர்களையும் நோக்கிய வேண்டுதலும் பூசையும் மூடபக்தி, விக்கிரக ஆராதனை என்று அறிக்கையிட வேண்டும் என்றது. 1689 முதல் முடிசூடுகிறவர்களுக்கும் அந்த அறிக்கை கட்டாயமானது. விக்டோரியா மகாராணி சொன்னார், 1901இல் ஏழாம் எட்வர்டு சொன்னார். தங்கள் சொந்தக் குடிமக்களில் ஏராளமானோரின் ஜெபத்தை ஆட்சியின் தொடக்கத்திலேயே இப்படிப் பழித்தார்கள். 1910இல் ஐந்தாம் ஜார்ஜ் காலத்தில்தான் அந்த வாசகம் நீக்கப்பட்டு, தான் உண்மையுள்ள புராட்டஸ்டண்ட் என்று மட்டும் சொல்லும் எளிய அறிக்கை வந்தது.

நம் தமிழ் மண்ணிலும் இது நடந்தது. 1658இல் யாழ்ப்பாணத்தை டச்சுக்காரர் பிடித்ததும் கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டார்கள். கோயில்கள் சீர்திருத்த சபையின் கைக்குப் போயின. குருவுக்கு இடம் கொடுப்பதே குற்றமாயிற்று. உத்தியோகம் வேண்டுமென்றால் அரசு சபையில் பெயர் இருக்க வேண்டும். சொரூபம் இல்லாத கோயில், தமிழில் பிரசங்கம், சீர்திருத்த முறை ஆராதனை எல்லாம் வந்துவிட்டன. உள்ளே உட்கார்ந்திருந்தவர்களில் பலரது இருதயமோ வேறெங்கோ இருந்தது. 1687இல் கோவாவிலிருந்து ஜோசப் வாஸ் அடிகள் ஏழை வேடத்தில் வந்து இறங்கியபோது, சில்லாலையில் அந்த மக்கள் அவரை மறைத்துவைத்துக் காத்தார்கள். எனக்குச் சீர்திருத்த சபையின் போதனைதான் நெருக்கம். ஆனாலும் கேட்கிறேன்: முறை சரியாக, மனம் இல்லாமல், பயத்தில் செய்த அந்த ஆராதனை கடவுளுக்குப் போயிருக்குமா? ஒளிந்துகொண்டு, உயிரைப் பணயம் வைத்துச் சொன்ன செபம் போயிருக்காதா?

சபைகள் திருந்தவும் செய்கின்றன. ஹைடல்பர்க் வினாவிடையைத் தன் அறிக்கையாகக் கொண்ட வட அமெரிக்கக் கிறிஸ்தவ சீர்திருத்த சபை, கத்தோலிக்க ஆயர்களோடு உட்கார்ந்து அவர்களுடைய போதனையை அவர்கள் வாயாலேயே கேட்டது. 2006இல், 80ஆம் கேள்வியின் அந்தக் கடுமையான பகுதியை அடைப்புக்குறிக்குள் வைத்து, அது இனி தன் உறுப்பினரைக் கட்டுப்படுத்தாது என்றது. பூசையைப் பற்றிய கருத்து வேறுபாட்டை அது விட்டுவிடவில்லை. பழியை மட்டும் விட்டது.

இவ்வளவையும் மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தபோது எனக்குத் தெளிவு தந்தவர் எசேக்கியா ராஜா. கி.மு. 8ஆம் நூற்றாண்டின் இறுதியில் யூதாவை ஆண்டவர். அவரைப் பற்றிய இரண்டு செய்திகள் இரண்டு புத்தகங்களில் இருக்கின்றன. தனித்தனியே பல முறை வாசித்தவைதான். சேர்த்து வாசித்தால் வேறு வெளிச்சம்.

முதலாவது 2 இராஜாக்கள் 18. மோசே செய்த வெண்கலச் சர்ப்பத்தை எசேக்கியா உடைத்துப்போட்டார். அது கடவுளே செய்யச் சொன்ன பொருள். வனாந்தரத்தில் அதைப் பார்த்துப் பிழைத்தவர்கள் உண்டு. பரிசுத்தமான ஞாபகச் சின்னம். ஆனால் ஜனங்கள் அதற்குத் தூபம் காட்டத் தொடங்கியிருந்தார்கள். அதன் வரலாற்றுப் பெருமைக்காக அவர் தயங்கவில்லை. மனசு நல்லதாக இருந்தால் எதுவும் சரி என்கிறவர்களுக்கு இது பதில்.

இரண்டாவது 2 நாளாகமம் 30. எசேக்கியா பஸ்காவுக்கு அழைப்பு அனுப்புகிறார். பெயெர்செபா முதல் தாண் வரை கடிதங்கள் போகின்றன. வடக்கே பலர் சிரித்துப் பரியாசம் பண்ணுகிறார்கள், சிலர் தங்களைத் தாழ்த்திக் கிளம்பி வருகிறார்கள். எப்பிராயீம், மனாசே, இசக்கார், செபுலோன் கோத்திரத்தார். இவர்கள் யார்? யெரொபெயாம் வைத்த கன்றுக்குட்டிகளின் நிழலில் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் வளர்ந்த வம்சங்கள். சுத்திகரிப்பு முறை அவர்களில் அநேகருக்கு வரவில்லை. எழுதியிருந்த முறைப்படி இல்லாமல் பஸ்காவைச் சாப்பிட்டுவிட்டார்கள். சர்ப்பத்தை உடைத்த அதே ராஜா இப்போது என்ன செய்கிறார்? ஜெபம் பண்ணுகிறார். சுத்திகரிப்பு குறைவாக இருந்தாலும் தேவனைத் தேட இருதயத்தை நேராக்கின ஒவ்வொருவரையும் மன்னிக்கும்படி கேட்கிறார். கர்த்தர் அதைக் கேட்டு ஜனங்களைக் குணமாக்கினார் என்று எழுதியிருக்கிறது.

முறை தவறியது உண்மை. அதனால்தான் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. ஆனால் அவர்கள் தேடியது கர்த்தரை. அதனால்தான் மன்னிப்புக் கிடைத்தது.

திருத்துவது எப்படி என்பதற்குப் புதிய ஏற்பாட்டிலும் வழி இருக்கிறது. கொர்நேலியு பேதுருவின் காலில் விழுந்தபோது, நானும் மனிதன்தான் என்று சொல்லிப் பேதுரு அவரைத் தூக்கிவிட்டார். வெளிப்படுத்தின விசேஷத்தில் அப்போஸ்தலன் யோவானே தேவதூதன் முன் விழுகிறார், ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. அப்படிச் செய்யாதே, தேவனைத் தொழுதுகொள் என்று தூதன் தடுக்கிறான். யோவானை விக்கிரக ஆராதனைக்காரர் என்று அவன் திட்டவில்லை. திருத்தினான், யோவான் கேட்டுக்கொண்டார், தரிசனமும் தொடர்ந்தது. யெரொபெயாமுக்கும் யோவானுக்கும் உள்ள வித்தியாசம் இங்கே வெளிச்சமாகிறது. திருத்தம் வரும்போது மனம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதில்தான் உண்மை மனம் சோதிக்கப்படுகிறது.

தம்பியிடமும் எங்கள் சி.எஸ்.ஐ. சனங்களிடமும் எனக்கு ஒரு கேள்வி உண்டு. எந்தச் சிலையும் இல்லாத ஒன்றைச் சபைக்கு எழுதும்போது பவுல் விக்கிரக ஆராதனை என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். கொலோசெயர் 3இல் இருக்கிறது: பொருளாசை. காணிக்கையை விதைத்தால் கார் முளைக்கும் என்று பிரசங்கிக்கும் மேடையில் சுரூபம் இல்லை. சபைத் தேர்தலில் பணம் இறைக்கும் இடத்திலும் இல்லை. கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதி பார்க்கும் இடத்திலும் இல்லை. ஆனால் அங்கெல்லாம் கடவுளின் இடத்தில் எது உட்கார்ந்திருக்கிறது? தெரிந்தே செய்கிற, திருத்தினாலும் கேட்காத, ஆதாயத்துக்கான இந்த ஆராதனைதான் யெரொபெயாமின் பொன் கன்றுக்குட்டிக்குச் சொந்தம். அத்தையின் செபமாலையைவிட எனக்கு இதுதான் அதிகப் பயம் தருகிறது.

ஆகவே என் பதிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உண்மை மனதோடு, அறியாமையில் தவறாகச் செய்யும் கிறிஸ்தவ ஆராதனை தவறுதான். அறிந்த ஊழியனுக்கு அதிக அடி, அறியாதவனுக்குக் கொஞ்சம் அடி என்று லூக்கா 12இல் இயேசு சொன்னார்; அடியே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தத் தவறை அதனாலேயே விக்கிரக ஆராதனை என்று எண்ணிவிடக் கூடாது. கடவுளுக்குப் பதிலாக வேறொன்று வந்து உட்காரும்போதும், கடவுளைக் கைக்குள் அடக்க நினைக்கும்போதும், தெரிந்த பிறகும் திருந்த மறுக்கும்போதும்தான் அந்தப் பெயர் பொருந்தும். முதலாவதை ஓரளவு வெளியிலிருந்து காணலாம். மற்ற இரண்டையும் இருதயத்தை ஆராய்கிறவர் மட்டுமே முழுக்க அறிவார்.

தம்பிக்கு நான் சொன்னது இதுதான்: "அத்தைகிட்ட உனக்கு வித்தியாசமாப் படுறதை மரியாதையோட, நேரா சொல்லு. அவங்க கேட்பாங்க. ஆனா சொல்றதுக்கு முன்னாடி எசேக்கியா செஞ்ச ஜெபத்தை அவங்களுக்காக ஒரு தடவை செய். உனக்காகவும் சேர்த்துச் செய்." நம் ஆராதனையில் எது எழுதியிருக்கிறபடி இருக்கிறது, எது இல்லை என்பது நம்மில் யாருக்கும் முழுசாகத் தெரியாது. அந்த மன்னிப்பு ஆர்.சி.க்கும் வேண்டும், சி.எஸ்.ஐ.க்கும் வேண்டும், பெந்தெகொஸ்தேக்கும் வேண்டும்.